ஓட்டுநர்க்கு வேண்டுவது படியா, கல்தொலைவா?

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் சரக்குந்து ஓட்டப் போகும் இளைஞனிடம் உடைமையாளர் முதலிற் கேட்பது, "நாட்படிக்கு வருகிறாயா, கிலோமீட்டர்க் கணக்குக்கு வருகிறாயா?" என்பதே. நாட்படி என்றால், வண்டியோடு இருக்கும் ஒவ்வொரு நாளைக்கும் இவ்வளவு. கல்தொலைவுக் கூலி என்றால், ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு. இளைஞனும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றான். எது மேல் என்று தேநீர்க் கடைகளிலும் சுமையேற்றும் கொட்டகைகளிலும் நடக்கும் பேச்சுக்கு முடிவேயில்லை. இருவர் பேசினால் மூன்று கருத்து! ஆயினும் அப் பேச்சிலெல்லாம் எழாத கேள்வி ஒன்றுண்டு. சம்பளம் என்ற மூன்றாவது சொல் ஏன் இடையிற் காணாமற் போயிற்று?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். படி என்பது நெல்லும் அரிசியும் அளக்கும் முகத்தலளவைப் பெயர். வேற்றூர்க்குப் பணிமேற் செல்பவனுக்கு அன்றன்றைச் சோற்றுக்கு அளந்து கொடுத்தது படி. அதன்வழியே பயணப்படி, பஞ்சப்படி முதலிய ஆட்சிகளும் வந்தன. 'பேட்டா' என்ற பிறழ்ந்த சொல்லை இன்று நாம் நாவில் ஏற்றிக்கொண்டிருப்பினும், பொருள் அதுவேதான்: வழியுணவு. சம்பளம் வேறு. சம்பு என்னும் நெல்லும், அளம் என்னும் உப்பும் சேர்ந்ததே சம்பளம் என்று மொழிஞாயிறு பாவாணர் காட்டினார். அது, வீட்டில் உள்ள மனைவி மக்களும் உண்பதற்காக உழைப்புக்கு ஈடாக அளக்கப்பட்டது. கூலியோ வள்ளுவரே ஆண்ட சொல். இம் மூன்றுக்கும் தமிழன் மூன்று தனிச் சொற்களை வைத்திருந்தான் என்றால், மூன்றும் ஒன்றல்ல என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சோற்றுக்கு அளந்த படியைக் காட்டி, உழைப்புக்கு அளக்க வேண்டிய சம்பளத்தை விழுங்கும் கலையை இக்காலத்தார் கற்றுக்கொண்டனர்.

முதலில் கல்தொலைவுக் கணக்கைப் பார்ப்போம். ஓடினால் காசு, மிகுதியாக ஓடினால் மிகுதியான காசு. கேட்பதற்கு நயன்மையாகவே இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நாற்கரச் சாலையில் ஓடுபவனுக்கு அஃது ஓரளவு பொருந்தவும் கூடும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் நிலவமைப்பு அக்கணக்கைப் பொய்யாக்கி விடுகின்றது. மேற்கிலும் தெற்கிலும் மலை; மலைக்கு அப்பால் இடுக்கி, கோட்டயம், எரணாகுளம். இங்கு விளையும் வாழையும் காய்கறியும், பன்னீர்த் திராட்சை எனப்படும் கொடிமுந்திரியும் அம்மலையேறித்தான் போக வேண்டும். அங்கு விளையும் ஏலமும் மிளகும் அம்மலையிறங்கித்தான் போடிக்கு வரவேண்டும். இருப்புப்பாதையோ போடியோடு நின்றுவிட்டது. அந்த ஒற்றைப் பாதையையும் அகலமாக்குவதாகச் சொல்லி 2010 இறுதியோடு மூடிவிட்டு, 2022 மே திங்களில் தேனி வரையும், 2023 சூன் திங்களிலேயே போடி வரையும் திறந்தனர். பன்னீராண்டு! உத்தமபாளையம், கம்பம், கூடலூர் மக்களுக்கு இன்றுவரை தொடர்வண்டியே இல்லை. ஆகவே பள்ளத்தாக்கின் விளைச்சலெல்லாம் ஓட்டுநரின் தோளிலேயே ஏறிச் செல்கின்றது.

அத்தோளுக்குக் கிடைப்பது என்ன? கிலோமீட்டருக்கு நான்கு உருபா என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். தேனியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். ஓரிரவு ஓட்டத்தில் ஈராயிரம் உருபா. கம்பத்திலிருந்து குமுளி வழியே கோட்டயத்துக்கு ஏறத்தாழ நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். கிடைப்பது ஐந்நூற்று நாற்பது. ஆனால் இவ்வோட்டத்திற்கும் ஓரிரவு முழுவதும் வேண்டும். கீழ்முகாமிலிருந்து குமுளி வரையும், அதன்பின் பீருமேட்டு இறக்கத்திலும், முழுச் சுமையோடு தாழ்ந்த பல்லிணையில் ஊர்ந்தே ஆக வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுபவன் பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையிற் பிடித்திருப்பவனுக்குத் தட்டைநிலத்தில் ஓட்டுபவன் பெறுவதில் நான்கிலொரு பங்குதான். மலைக்குத் தனிக்கணக்கு தருவதாகச் சில உடைமையாளர் சொல்வதுண்டு. தந்தாலும் அதனைத் தாளில் எழுதுவாரில்லை.

மலையேனும் நிலையாக உள்ளது. காத்திருப்புக்கோ அளவேயில்லை. கார்த்திகை, மார்கழியில் அய்யப்பன்மலைக்குச் செல்வோர் கூட்டம் பெருகிக் குமுளிப்பாதையை ஒருவழியாக்கும் நாள்களில், மேலேறும் வண்டிகள் கம்பமெட்டு வழியே சுற்ற வேண்டும். வரைபடத் தொலைவுக்குக் கூலி பேசியவனுக்கு அச்சுற்று வெறும் உழைப்பு. அடைமழையில் மண்சரிந்து பாதை மூடினால் அவனுக்கு அன்றைய கூலி இல்லை. 2011 திசம்பரில் முல்லைப்பெரியாற்று அணைச் சிக்கலின்போது குமுளி எல்லையில் வண்டிப்போக்கு நாள்கணக்கில் நின்றுபோயிற்று. 2020 மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது சரக்கோடு நடுவழியில் நின்றவர்கள் எத்துணையோ பேர். நிற்கும் வண்டிக்குக் கல்தொலைவு சுழி. அணையில் தமிழர்க்குள்ள உரிமையைப் பற்றி முழங்கியவர்களும், அவ்வணைக்காக நின்ற வண்டியின் ஓட்டுநன் அன்று வீட்டுக்கு என்ன கொண்டுபோனான் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு செய்தியை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கேரளத்தில் சுமையிறக்காமலே, பிறர் இறக்குவதை நின்று நோக்கியதற்காக வாங்கப்பட்ட பணத்திற்கு 'நோக்குகூலி' என்று பெயர். நோக்கு, கூலி இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்! 2018 மே நாளன்று முதல் அம்மாநில அரசே அதனைத் தடைசெய்தது. நோக்கியவனுக்குக் கூலி இருந்த அதே சந்தையில், விடிய விடியச் சரக்கைக் காத்துக்கிடந்த ஓட்டுநனுக்குக் கூலி இருந்ததில்லை. இதனினும் கொடிது ஒன்று. சரக்கிறக்கக் காலந்தாழ்த்தினால், சரக்குக்குரியவரிடம் நிறுத்தக்கூலி கேட்டு வாங்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. வண்டி நின்றதற்கு விலை இருக்கிறது; வண்டிக்குள் இருந்த மாந்தனுக்கு விலை இல்லை.

கல்தொலைவுக் கூலியின் மற்றொரு கேடு சாலையில் தெரிகின்றது. அகலம் போதாத மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கிவரும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. விதிக்குக் கீழ்ப்படிந்து நிற்பவனுக்குக் கூலியில் இழப்பு. மீறி முந்துபவனுக்கு வருவாய். எரிநெய் மிச்சத்துக்குப் பங்கு தருவதாகவும் சொல்லிவிட்டால், இறக்கத்தில் பல்லிணைப்பை விடுத்து வண்டியைத் தன்போக்கில் உருளவிடும் துணிச்சலும் சேர்ந்துகொள்கிறது. தடை சூடேறிப் பிடிக்காது போகும்போது எந்த உடைமையாளரும் உடன் இருப்பதில்லை. கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கத்துப் பெண்களை வைகறையில் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு விரையும் வண்டிகளைப் பார்த்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே கூலி நடைக்கணக்கில். ஆகவே ஒரு நடைக்கு எத்தனைபேர், ஒரு காலையில் எத்தனை நடை என்பதே கணக்கு. நேர்ச்சி நடந்தபின் ஓட்டுநனை மட்டும் பிடித்து அடைக்கின்றனர். அவன் காலின்கீழ் விரைவு மிதியை வைத்தது கூலிமுறை என்பதை எந்த முதல் தகவலறிக்கையும் எழுதுவதில்லை.

அப்படியானால் நாட்படியே மேலன்றோ என்று கேட்பர். ஒருவகையில் மேல்தான். நின்றாலும் ஓடினாலும் நாளுக்குரியது வரும். மலையும் மழையும் அதனைக் குறைப்பதில்லை. விரைய வேண்டும் என்ற தூண்டுதலும் இல்லை. கையிற் காசாக வருவதால் ஓட்டுநரும் அதனையே விரும்புகின்றனர். ஆனால் படியின் நஞ்சு அவன் உயிரோடிருக்கும்வரை தெரிவதில்லை.

பணியின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க 1923-ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் வந்தது. திங்கட் சம்பளத்தில் பாதியை, அகவைக்கேற்ற ஓர் எண்ணாற் பெருக்கினால் வருவது இழப்பீடு. ஆனால் சம்பளம் என்றால் என்ன என்று சொல்லுமிடத்தில், வேலையின் தன்மையால் நேரும் தனிச்செலவை ஈடுசெய்யத் தரப்படும் தொகை சம்பளத்தில் சேராது என்று அச்சட்டம் ஒரு வரியை வைத்தது. அந்த ஒரு வரி போதும். படி என்பது வழிச்செலவுக்குத் தந்தது, சம்பளம் அன்று என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் எழுந்து வாதிட அஃது இடந்தருகின்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பத்தைந்து அகவையான ஓட்டுநர் ஒருவர். தாளில் எழுதிய சம்பளம் திங்களுக்கு 8,000 உருபா. படி நாளொன்றுக்கு 400 வீதம் 25 நாளைக்கு 10,000. அவர் கைக்கு வருவது 18,000. அவர் குடும்பம் உண்பதும் படிப்பதும் கடனடைப்பதும் அந்தப் பதினெண்ணாயிரத்தில்தான். முப்பத்தைந்து அகவைக்குரிய பெருக்கெண் 197.06. படியைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால் இழப்பீடு 7,88,240 உருபா. படியையும் சம்பளமெனக் கொண்டு, 2020 சனவரியில் வகுத்த 15,000 உருபா உச்சவரம்பு வரை கணக்கிட்டால் 14,77,950. ஏறத்தாழ ஏழிலக்கம் உருபா வேறுபாடு! கைம்பெண்ணாய் நிற்பவளிடமிருந்து இத்தொகையைப் பறிப்பது கத்தியன்று, துப்பாக்கியன்று, 'பேட்டா' என்ற ஒரு சொல்.

கால் போனவனுக்கும், இடுப்பொடிந்து வண்டியேற முடியாதவனுக்கும் இதே கதைதான். பணிக்கொடையும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றது. மிகைநேரக் கூலியும் அவ்வாறே. இப்படியெல்லாம் வேர் முழுவதும் சம்பளத்தில் இருக்க, நீரை மட்டும் படியில் ஊற்றி வளர்த்த மரம் எப்படிக் காய்க்கும்?

2019-இலும் 2020-இலும் தில்லி நாடாளுமன்றம் பழைய தொழிலாளர் சட்டங்களைக் கலைத்து நான்கு தொகுப்புகளாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. சம்பளத்தில் சேராத படிகள் முதலியன மொத்த வருவாயிற் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைச் சம்பளமாகவே கொள்ளவேண்டும் என்று அவற்றில் ஒரு விதி உண்டு. நல்ல விதி என்றே சொல்லலாம். ஆனால் மேற்சொன்ன ஓட்டுநர்க்கு அதனாற் கூடுவது எவ்வளவு? பதினெண்ணாயிரத்திற் பாதி ஒன்பதாயிரம், படி பதினாயிரம், தாண்டியது ஓராயிரம். எனவே சம்பளம் 9,000 ஆகின்றது. இழப்பீடு 8,86,770 ஆகின்றது. எஞ்சிய ஐந்தே முக்கால் இலக்கத்துக்கு மேற்பட்ட தொகை அவ்விதிக்குப் பின்னும் வெளியேதான் நிற்கிறது. சுமைக்கூலியில் ஓட்டுநர்க்குத் தரும் பங்கும் தரகாகக் கருதப்பட்டு இதே வெளிப்பட்டியலில் விழக்கூடும்.

இம்மட்டில் கல்தொலைவுக் கூலிக்கு ஒரு சிறப்பு உண்டென்பதை மறைக்கத் தேவையில்லை. அது செய்த வேலைக்குத் தரும் கூலி. ஆகவே சட்டத்தின் கண்ணில் சம்பளம். ஆனால் அதற்கு அது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டால் எதுவும் இல்லை.

இச்சூழ்ச்சி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. செல்வத்தில் மிதக்கும் அமெரிக்க நாட்டிலும் சரக்குந்து ஓட்டுநர்க்குக் கல்தொலைவுக் கணக்கில்தான் பெரும்பாலும் கூலி. மிகைநேரக் கூலிக்கு வழிசெய்த 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில எல்லை கடந்தோடும் சரக்குந்து ஓட்டுநரை அவ்வுரிமையிலிருந்து விலக்கிவைத்தது. அங்குள்ள நிறுவனங்கள் அக்கல்தொலைவுக் கூலியில் ஒரு பகுதியை நாட்படி என்று பெயர்மாற்றித் தருகின்றன. படிக்கு வரியில்லை, ஆகவே அன்று கையில் சிறிது மிகுதியாக வரும். ஆனால் முதுமைக்காப்பும் காயத்துக்கான இழப்பீடும் படியை நீக்கிய கூலியை வைத்தே கணக்கிடப்படுவதால், பின்னாளில் அவை சுருங்கும். அங்கும் ஓட்டுநர், கம்பத்து இளைஞனைப் போலவே, இரண்டில் எது மேல் என்று விரல்விட்டு எண்ணுகின்றனர்.

ஐரோப்பிய நாடுகள் இன்னொரு வழியிற் சென்றன. ஓடிய தொலைவையோ ஏற்றிய சுமையையோ வைத்துச் சாலைக்கு இடர் விளையும்வகையில் ஓட்டுநர்க்குக் கூலியோ மிகையூதியமோ தரலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி கூறுகின்றது. 1985-ஆம் ஆண்டு விதியிலும் இது இருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1979-இல் செய்த 153-ஆம் உடன்படிக்கை, நாளொன்றுக்கு ஒன்பது மணி, கிழமைக்கு நாற்பத்தெட்டு மணி, அதற்குமேல் ஓட்டலாகாது என்றும், நான்கு மணிநேரத்துக்குமேல் ஓய்வின்றித் தொடர்ந்து ஓட்டலாகாது என்றும் வரையறுத்தது. இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. உலக அரங்குகளில் பெரிய நாடென்று மார்தட்டும் தில்லிக்கு, ஓட்டுநன் நான்கு மணிக்கொருமுறை கண்மூட இசைவளிக்க மனம் வரவில்லை.

இங்குச் சட்டமே இல்லையா எனின், இருந்தது. 1961-ஆம் ஆண்டின் உந்துப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி வேலை, ஐந்து மணிக்கொருமுறை அரைமணி ஓய்வு, மிகைநேரத்துக்கு இரட்டைக்கூலி என்றெல்லாம் வகுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளரேனும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும். பள்ளத்தாக்கில் ஓடும் வண்டிகளோ பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாக உடையவர்களின் வண்டிகள். சட்டம் வாசலோடு நின்றது. புதிய தொகுப்பு அவ்வைந்தைப் பத்தாக்கிவிட்டது! குறையை நீக்குவதாகச் சொல்லி ஓட்டையை இருமடங்காக்கிய திறமையை என்னென்பது?

ஒற்றை வண்டி உடைமையாளரைப் பகைவராகக் காட்டுவது நோக்கமன்று. அவரும் நேற்றுவரை ஓட்டுநராயிருந்தவரே. வட்டிக்கடன், எரிநெய் விலை, சுங்கச்சாவடி, காப்பீடு, தரகு என்று ஐந்து பக்கமும் கிழிபடுகின்றார். சுமைக்கூலியை அவர் வகுப்பதில்லை; சரக்குப் பதிவு நிலையங்களில் அமர்ந்திருக்கும் தரகரும், அவருக்கு மேலுள்ள பெருவணிகரும் வகுக்கின்றனர். எரிநெய்வரியைத் தில்லியும் சென்னையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இவர்கள் அழுத்தும் அழுத்தம் முழுவதும் உடைமையாளர் வழியே இறங்கி, கடைசியில் ஓட்டுநனின் உறக்கத்தில் வந்து அமர்கின்றது. ஆகவே நிறுத்தக்கூலியைச் சரக்குக்குரியவரிடம் கட்டாயமாக வாங்கவும், அதில் ஓட்டுநர் பங்கைக் கொடுக்கவும் உடைமையாளரும் ஓட்டுநரும் ஒருங்கே நின்று கேட்க வேண்டும். இதில் இருவர் நலனும் ஒன்றே.

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டரசு விரும்பினால் தில்லியின் முகம் பார்த்திருக்க வேண்டுவதில்லை. ஒற்றை வண்டிக்கும் பொருந்தும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றமே இயற்றலாம். ஓட்டுநர்க்குத் திங்கட் சம்பளம் கட்டாயம். மலைப்பாதைக்கும் இரவோட்டத்துக்கும் சம்பளத்தின் மேல் தனித்தொகை. காத்திருக்கும் மணிகளுக்குக் கூலி. இவற்றுக்கு மேல் உணவுக்குப் படி. படி சம்பளத்தின் மேல் இருக்கட்டும். சம்பளத்தின் இடத்தில் இருக்கலாகாது. புதிய தொகுப்பு ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணியமர்த்த மடல் தரவேண்டும் என்கிறது. அம்மடல் தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு விதிசெய்ய வேண்டும். தன் சம்பளம் எவ்வளவென்று ஆங்கிலத்தில் எழுதிய தாளில் கைந்நாட்டிடும் இழிநிலை, தமிழ்நாட்டின் சாலையில் தமிழன் ஓட்டும் வண்டியில் ஏன் இருக்கவேண்டும்?

சட்டம் வரும்வரை ஓட்டுநர் வாளாவிருக்க வேண்டுவதில்லை. இருபது உருபாக் குறிப்பேடு ஒன்று போதும். புறப்பட்ட நாள், மணி, சுமை, ஓடிய தொலைவு, நின்ற மணிகள், வாங்கிய தொகை ஆகியவற்றைத் தமிழில் அன்றன்றே எழுதி, திங்கள் முடிவில் உடைமையாளரிடம் கையொப்பம் பெறவேண்டும். இன்று படியும் கூலியும் பெரும்பாலும் கைப்பேசிவழி வங்கிக்கணக்கில் வருகின்றன, அப்பதிவுகளை அழித்துவிடலாகாது. பணம் அனுப்பும்போது 'பேட்டா' என்று குறிக்காமல் 'சம்பளம்' என்றே குறிக்கும்படி உடைமையாளரிடம் சொல்லவேண்டும். குறிப்பேட்டை வண்டியில் வைக்காமல் வீட்டில் வைக்கச்சொல்லி மனைவியிடம் கொடுத்துவைப்பது நல்லது. மலைச்சரிவில் உருண்ட வண்டியிலிருந்து தாள்கள் கிடைப்பதில்லை, தொழிலாளர் துணை ஆணையர் முன்னிலையில் "அவர் சம்பளம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் அவளே.